5,530 ரூபாயில் ஒரு ராக் கிராலர்: முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியில் செய்த கதை

ரிமோட்டில் ஓடும் பொம்மை வண்டி, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. நிஜ வண்டியில் 1/16 அளவு, சீனத் தயாரிப்பு, நான்கு சக்கரமும் இழுக்கும் பிக்கப். பெட்டி இல்லை, பின் பம்பர் பாதி இல்லை, ரிமோட்டில் பேட்டரி மூடி இருக்க வேண்டிய இடத்தில் இன்சுலேஷன் டேப். 2,300 ரூபாய் கொடுத்தேன். விற்ற தம்பி "சூப்பரா ஓடும்ணா" என்றான். ஓடத்தான் செய்தது, அதுதான் பிரச்சினையே. எனக்கு வேண்டியது ஓடுகிற வண்டி இல்லை, ஏறுகிற வண்டி.

ராக் கிராலர் என்றால் என்னவென்று பார்த்திராதவர்களுக்கு ஒரு வரி: ரேஸ் கார் மாதிரி பறக்காது, பாறை மேல் ஒவ்வொரு சக்கரமாக ஊன்றி, நின்று, யோசித்து, ஓணான் மாதிரி ஏறும். இதில் பேர் வாங்கியவை ஆக்சியல் எஸ்சிஎக்ஸ்10, டிராக்ஸஸ் டிஆர்எக்ஸ்-4 போன்ற 1/10 அளவு வண்டிகள். 2017-ல் வந்த டிஆர்எக்ஸ்-4-ல் ஆக்சிலின் இரண்டு சக்கரத்துக்கும் சுற்றைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலை ரிமோட்டிலிருந்தே லாக் செய்யலாம், ஆக்சில் சக்கரத்தின் மையத்துக்கு மேலே உட்கார்ந்திருப்பதால் கல் தட்டாது, இன்னும் என்னென்னவோ. நம் ஊருக்கு வந்து சேரும்போது விலை ஐந்து இலக்கம். என்னிடம் இருந்த பட்ஜெட்டில் ஒரு இலக்கம் குறைவு.

இருப்பது நாமக்கல். லாரிக்கு பாடி கட்டுகிற ஊர். அக்கா வீட்டுக்காரருக்குக் கமான் பட்டை, அதாவது லாரிக்கு அடியில் அடுக்கடுக்காக இருக்கும் ஸ்பிரிங் பட்டை, வேலை செய்கிற பட்டறை இருக்கிறது, இதைச் சும்மா சொல்லவில்லை, பிற்பாடு இந்தக் கதையில் அவர் வருவார்.

முதலில் முழுசாகப் பிரித்தேன். இங்கே முட்டை ட்ரேக்குப் பஞ்சமில்லை என்பதால் 30 குழி உள்ள காகித ட்ரே ஒன்றை மேஜையில் வைத்து, இடது மேல் மூலையில் தொடங்கி, கழற்றிய வரிசையிலேயே குழிக்கு ஓர் இடத்து ஸ்க்ரூவாகப் போட்டு வந்தேன். மாட்டும்போது கடைசிக் குழியிலிருந்து திரும்பி வர வேண்டியதுதான். 2 மி.மீ ஸ்க்ரூவும் 2.5 மி.மீ ஸ்க்ரூவும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும், பெரியதைச் சின்ன ஓட்டையில் முறுக்கிப் பிளாஸ்டிக் "டிக்" என்று பிளக்கும்போதுதான் வித்தியாசம் புரியும். இதற்கு முன் வேறொரு பொம்மையில் பட்ட அனுபவம்.

உள்ளே இருந்தது இதுதான்: முன்னால் காயில் ஸ்பிரிங், பின்னால் நிஜ லாரி மாதிரியே கமான் பட்டை, பக்கத்துக்கு நான்கு பட்டை. முன்னும் பின்னும் திறந்த டிஃபரன்ஷியல். பேரிங் இருக்க வேண்டிய இடமெல்லாம் பிளாஸ்டிக் புஷ். சுண்டுவிரல் தடிமனில் ஒரு மோட்டார். ரிசீவர், மோட்டார் கன்ட்ரோல் எல்லாம் ஒரே போர்டில். செத்துப்போன நிக்கல் காட்மியம் பேட்டரி. பேட்டரிக்குப் பதிலாக வெளியிலிருந்து பவர் சப்ளை ஒயரை வண்டியோடு இழுத்துக்கொண்டே தெருவில் 10 மீட்டர் ஓட்டிப் பார்த்தேன், 5 விநாடி. அதாவது மணிக்கு 7 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், வேகமாக நடக்கும் ஆளைத் தாண்டிவிடும். கிராலருக்கு இது கெட்ட சகுனம்.

சமையலறைத் தராசில் வைத்து எடையும் பார்த்தேன். முன் சக்கரம் இரண்டையும் தராசில் வைத்து, பின் சக்கரத்துக்கு அதே உயரத்தில் புத்தகம் அடுக்கி, அப்புறம் மாற்றி வைத்து. முன்னால் 290 கிராம், பின்னால் 320. மொத்தம் 610. நோட்டில் எழுதி வைத்தேன். எழுதியதைப் படிக்கத்தான் இல்லை. வண்டி ஏன் ஏறவில்லை என்பதற்கான பதில் அந்த இரண்டு எண்ணிலேயே இருந்தது, அது தெரிய எனக்கு ஐந்து வாரம் ஆனது.

எல்லாரும் செய்கிற தப்பைத்தான் நானும் செய்தேன்: முதல் காசை மோட்டாரில் போட்டேன். 370 சைஸ் மோட்டார், உலோக கியர் பாக்ஸோடு, 850 ரூபாய். கையில் எடுத்தாலே ஒரு கனம், பார்க்கவே ஆசையாக இருந்தது. மோட்டாரின் இரண்டு முனைக்கும் நடுவில் ஒன்று, ஒவ்வொரு முனைக்கும் உடம்புக்கும் ஒன்று என்று 104 எண் போட்ட மூன்று கப்பாசிட்டரை சால்டர் செய்தேன், இல்லாவிட்டால் பிரஷ்ஷில் வரும் பொறி ரிசீவரைக் கலங்கடிக்கும். மோட்டார் உடம்பில் சால்டர் ஒட்டுவதற்கு முன் அந்த இடத்தை அரத்தால் சுரண்டியே ஆக வேண்டும், மேலே இருக்கும் பூச்சில் ஈயம் உருண்டை உருண்டையாக நிற்குமே தவிர ஒட்டாது.

அடுத்து எலக்ட்ரானிக்ஸ். பழைய போர்டில் மெதுவாகப் போவது என்ற ஒன்றே கிடையாது. குச்சியைத் தொட்டால் பாய்ச்சல், விட்டால் நிறுத்தம். அதைத் தூக்கிப்போட்டுவிட்டு, காலேஜ் டிரோன் புராஜெக்டுக்கு வாங்கி அலமாரியில் தூங்கிய ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 ரிமோட்டை எழுப்பினேன். இது விமானத்துக்கான ரிமோட், ஸ்டியரிங் வீல் கிடையாது, இரண்டு குச்சிதான். இடது குச்சி மேலும் கீழும் போகிற சேனல் 3-தான் வழக்கமான த்ராட்டில், ஆனால் அது விட்ட இடத்திலேயே நிற்கும், நடுவுக்குத் திரும்பாது. வண்டிக்கு அது ஆபத்து. அதனால் மோட்டாரைச் சேனல் 2-லும், அதாவது வலது குச்சியின் மேல் கீழ், ஸ்டியரிங்கைச் சேனல் 4-லும், இடது குச்சியின் இட வலம், செருகினேன். இரண்டுமே கையை எடுத்தால் நடுவுக்கு வந்துவிடும். இந்த ரிமோட்டில் எக்ஸ்போ என்று ஒன்று இருக்கிறது, சேனல் 1, 2, 4 மூன்றுக்கு மட்டும் கிடைக்கும், நல்லவேளை நான் எடுத்த இரண்டும் அதில் அடக்கம். எக்ஸ்போ போட்டபிறகு குச்சியின் முதல் பாதி அசைவில் வண்டி எறும்பு மாதிரி நகர்ந்தது. காசு செலவில்லாமல் கிடைத்த முதல் முன்னேற்றம் அது.

மோட்டாரை ஓட்டும் ஈஎஸ்சி 420 ரூபாய். மேலே "320 ஆம்பியர்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அதிலிருந்து வெளியே வரும் ஒயரின் தடிமனைப் பார்த்தாலே அதன் யோக்கியதை தெரிந்துவிடும், 320 ஆம்பியரில் ஒரு லாரியையே ஸ்டார்ட் செய்யலாம். பரவாயில்லை, என் மோட்டார் கேட்பது சில ஆம்பியர்தான், அதற்குத் தாராளம்.

பேட்டரிக்கு 18650 செல் இரண்டு, தொடராக, 7.4 வோல்ட். லேப்டாப் ரிப்பேர் கடையில் பழைய பேக் சும்மா தருகிறேன் என்றார்கள். வாங்கிப் பிரித்து ஒவ்வொன்றாகச் சார்ஜ் ஏற்றி ஒரு வாரம் வைத்துப் பார்த்ததில் ஆறில் நான்கு தானாகவே இறங்கியிருந்தது, மிச்சம் இரண்டும் ஒரே மாதிரி இல்லை. புதிதாக இரண்டு 380 ரூபாய்க்கு வாங்கிவிட்டேன். செல் மேல் நேரடியாக சால்டர் வைக்காதீர்கள், சூடு உள்ளே போனால் வம்பு, ஹோல்டரில் போடுங்கள். ஹோல்டரில் ஒரு தொல்லை உண்டு, வண்டி கல்லிலிருந்து தொப்பென்று விழும்போது ஸ்பிரிங் ஒரு கணம் விட்டுப் பிடிக்கும், கரண்ட் போய் வரும். சைக்கிள் ட்யூபை வளையமாக வெட்டி ஹோல்டரைச் சுற்றி இரண்டு இடத்தில் மாட்டியதோடு அது தீர்ந்தது. செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது, இந்த ஈஎஸ்சி அதைக் கவனிக்காது, அதனால் பேட்டரி இறங்கினால் கத்துகிற பஸ்ஸர் ஒன்றை 3.3 வோல்ட்டுக்கு வைத்துச் செருகியிருக்கிறேன். ஹோல்டர், ஒயர், பஸ்ஸர் எல்லாம் சேர்த்து 140.

இத்தனையும் முடித்து, பக்கத்துக் காலி மனையில் அஸ்திவாரத்துக்குக் கொட்டி வைத்திருந்த கருங்கல் குவியலுக்கு எடுத்துப் போனேன். 10 மீட்டருக்கு இப்போது 12 விநாடி, மணிக்கு 3 கிலோமீட்டர், வேகம் சரியாக வந்துவிட்டது. அக்கா பையன் கூடவே வந்து, "மாமா, இவ்ளோ செலவு பண்ணி ஏன் மாமா மெதுவாக்கினீங்க?" என்றான். பதில் சொல்வதற்குள் வண்டி முதல் கல்லில் முன் சக்கரத்தைத் தூக்கியது. தூக்கிய சக்கரம் காற்றில் விர்ரென்று சுற்ற, பின்னால் ஒரு சக்கரம் வழுக்கிச் சுற்ற, மற்ற இரண்டும் சும்மா உட்கார்ந்திருந்தன. இன்னும் கொஞ்சம் கொடுத்தேன், அப்படியே மல்லாக்க விழுந்தது. இருபது முறை முயன்றிருப்பேன், இருபதிலும் இந்த இரண்டில் ஒன்று.

சக்கரம் சுற்றியது டிஃபரன்ஷியல் வேலை. லேசாகச் சுற்றக்கூடிய சக்கரத்துக்குத்தான் அது சுற்றைக் கொடுக்கும். ரோட்டில் வளையும்போது நல்லது, பாறையில் துரோகம். லாக் செய்ய வேண்டும். அதை மூடியிருக்கும் ஹவுசிங்கைத் திறந்தால் கிரவுன் வீலுக்குள் நான்கு குட்டிப் பல்சக்கரம் ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருக்கும், அவை அசையாதபடி எபாக்ஸி வைத்து அடைத்துவிட்டால் இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் சுற்றும். வீட்டில் இருந்த எபாக்ஸியைப் பிசைந்து அடைத்தேன். அரை மணி நேரம் நன்றாக ஓடியது, அப்புறம் உள்ளே "கடக்" என்று ஒரு சத்தம். திறந்து பார்த்தால் எபாக்ஸி ஒரே கட்டியாக வெளியே வந்தது, அதன் மேல் பல்சக்கரத்தின் அச்சு அத்தனை அழகாக, பல் டாக்டர் எடுக்கிற அச்சு மாதிரி. கிரீஸைத் துடைக்காமல் வைத்தால் வேறென்ன ஆகும்.

இரண்டாவது முறை பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் பழைய டூத் பிரஷ்ஷுமாக ஒவ்வொரு பல்லையும் தேய்த்து, ஒரு நாள் காயவைத்து, உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, பல்குத்தும் குச்சியால் இடுக்கு இடுக்காகத் திணித்தேன். இந்த மாதிரிப் பிளாஸ்டிக்கில் எபாக்ஸி உண்மையில் ஒட்டுவதில்லை, இடமே இல்லாமல் அடைத்துக் கிடப்பதால்தான் பிடிக்கிறது. அதனால் காற்று இடைவெளி இருக்கக் கூடாது. 24 மணி நேரம் தொடவில்லை. முன், பின் இரண்டும் இன்றுவரை அசையவில்லை.

லாக் செய்ததும் ஸ்டியரிங் செத்தது. நேராகப் போவேன் என்று அடம் பிடிக்கும் நான்கு சக்கரத்தைத் திருப்ப அந்தப் பழைய சர்வோவுக்கு, அதாவது ஸ்டியரிங்கைத் திருப்பும் குட்டி மோட்டாருக்கு, தெம்பில்லை. 180 ரூபாய்க்கு 13 கிராம் சின்ன மெட்டல் கியர் சர்வோ வாங்கினேன். மூன்றாவது நாள் இரண்டு கல்லுக்கு நடுவில் சக்கரம் சிக்கியபோது நான் விடாமல் குச்சியைத் தள்ளியதில் பல் மழுங்கியது. கருமித்தனத்துக்குக் கொடுத்த 180. அப்புறம்தான் எம்ஜி996ஆர், 340 ரூபாய். 55 கிராம் கனம், 6 வோல்ட்டில் 11 கிலோ-செ.மீ இழுவை, இந்தச் சின்ன வண்டிக்கு யானைப் பலம். பானட்டுக்குள் இருந்த பொம்மை எஞ்சினை வெட்டி எடுத்துவிட்டு அங்கே படுக்கவைத்தேன். சர்வோவையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பி சைக்கிள் ஸ்போக். 2 மி.மீ தடிமன், வளையாத இரும்பு, நுனியில் ஏற்கெனவே மரை இருக்கிறது, நிப்பிளைத் திருகி நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம். நான்கு ஸ்போக் 20 ரூபாய், சைக்கிள் கடைக்காரர் நிப்பிளுக்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

யானைப் பலம் வந்ததும் யானைப் பசியும் வந்தது. சக்கரம் கல்லில் முட்டி சர்வோ முக்கும்போது வண்டியே ஒரு விநாடி செத்துப் பிழைத்தது. சரிவில் அந்த ஒரு விநாடி போதும், உருண்டு கீழே வந்துவிடும். ரிசீவரைச் சந்தேகப்பட்டு, ஆன்டெனாவை மாற்றி வைத்து, கப்பாசிட்டரைத் திரும்பச் சால்டர் செய்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. கடைசியில் மல்டிமீட்டர் முள்ளை ரிசீவரில் செருகிவிட்டு, கையால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்கை வெட்டினேன், 5 வோல்ட் படக்கென்று 3-க்கு விழுந்தது. ஈஎஸ்சிக்குள் இருக்கும் சின்ன ரெகுலேட்டரால் இந்த சர்வோவுக்குச் சோறு போட முடியவில்லை. 220 ரூபாய்க்கு 3 ஆம்பியர் யுபெக், அதாவது தனி ரெகுலேட்டர், ஒன்றை வாங்கி பேட்டரியிலிருந்து நேரே ரிசீவருக்குக் கொடுத்தேன். ஈஎஸ்சியிலிருந்து ரிசீவருக்கு வரும் மூன்று ஒயரில் நடுவில் இருக்கும் சிவப்பை மட்டும் பின்னிலிருந்து உருவி டேப் சுற்றிவிட வேண்டும், இரண்டு ரெகுலேட்டரும் ஒன்றோடொன்று மோதக் கூடாது.

சரி, இப்போது சக்கரம் சுற்றுகிறது, திரும்புகிறது. மல்லாக்க விழுவது மட்டும் நிற்கவில்லை. இந்தச் சமயத்தில்தான் மச்சான் ஒரு ராத்திரி சாப்பிட வந்தவர், முற்றத்தில் செங்கல் அடுக்கி நான் ஏற்றிக்கொண்டிருந்ததைப் பத்து நிமிஷம் பேசாமல் பார்த்தார்.

"பேட்டரி எங்க இருக்குது மாப்ளே?"

பின்னால் தொட்டியில், என்றேன். அங்கேதானே இடம் இருக்கிறது.

"பின்னாடி லோடு வச்சா மேட்டுல மூஞ்சியத் தூக்காம என்ன பண்ணும்? முன்னாடி கொண்டா."

நோட்டை எடுத்துப் பார்த்தேன். முன் 290, பின் 320. ஐந்து வாரம் முன்னால் என் கையால் எழுதியது. மேட்டில் ஏறும்போது பாரம் தானாகவே பின்னால் போகும், அதனால் சமதரையில் நிற்கும்போதே முன்னால் அறுபது, பின்னால் நாற்பது என்ற கணக்கில் இருக்க வேண்டும், அதுவும் தரையோடு தரையாக. கிராலர் ஓட்டுகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த பாலபாடம். எனக்கும் தெரியும், படித்திருக்கிறேன், மோட்டார் மோகத்தில் மறந்துபோனது.

டிரைவர் சீட்டும் டேஷ்போர்டும் ஒரே பிளாஸ்டிக் துண்டு. அதை அறுத்து எடுத்துவிட்டு பேட்டரியை அங்கே தரைமட்டத்தில் படுக்கவைத்தேன். கூரை மேல் இருந்த கேரியர், எல்இடி பட்டி எல்லாவற்றையும் கழற்றினேன், பார்க்க அழகுதான், ஆனால் உச்சியில் இருக்கிற ஒவ்வொரு கிராமும் கவிழ்க்கப் பார்க்கும். அப்புறம் டயர் கடைக்குப் போய் கார் வீல் பேலன்சிங்குக்கு ஒட்டுகிற 5 கிராம் வெயிட் பட்டை வாங்கினேன், 80 ரூபாய். டயரைக் கழற்றி, ரிம்மின் வட்டத்தில் சுற்றி ஒட்டி, துணி டேப் ஒரு சுற்றுச் சுற்றி மூடி, முன் சக்கரத்துக்கு 45 கிராம் வீதம், பின் சக்கரத்துக்கு 15 வீதம். சக்கரத்துக்குள்ளே இருக்கும் எடை ஸ்பிரிங்கை அமுக்காது, வண்டி கவிழும் புள்ளியை மட்டும் இறக்கும். ஈய வெயிட்டாக இருந்தால் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள், குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டாம்.

டயரைக் கழற்றிய கையோடு அதையும் ஒரு கை பார்த்தேன். புது மென்மையான டயர் செட் 800 ரூபாய் சொன்னார்கள், வாங்கவில்லை. இருக்கிற டயரில் மேடாக நிற்கும் ரப்பர் கட்டைகளில் ஒன்றுவிட்டு ஒன்றில் பிளேடால் குறுக்கே பாதி ஆழத்துக்குக் கீறினேன், ஓரக் கட்டைகளை ஒன்றுவிட்டு ஒன்று அறுத்தே எடுத்துவிட்டேன். ஒரு டயருக்கு முக்கால் மணி நேரம், கட்டை விரலில் கொப்புளம். உள்ளே இருந்த விறைப்பான ஃபோமை எடுத்துவிட்டு பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை வட்டமாக வெட்டி வைத்தேன், ரிம்மில் 2 மி.மீ ஓட்டை ஒன்று போட்டேன், காற்று போய் வர. கல்லின் முனையில் ஏறும்போது டயர் இப்போது அதைக் கவ்வுகிறது. முன்பு அதன் மேல் நின்றுகொண்டு வழுக்கும்.

தராசு மறுபடி: முன்னால் 560, பின்னால் 380, மொத்தம் 940 கிராம். மரப்பலகை மேல் வண்டியைக் குறுக்காக நிறுத்தி, போனில் கோணம் பார்த்துக்கொண்டே பலகையைத் தூக்கினால் முன்பெல்லாம் 41 டிகிரியில் கவிழும். இப்போது 50. செலவு 80 ரூபாயும் ஒரு ஸ்பாஞ்சும். 850 ரூபாய் மோட்டார் செய்யாததை.

பின்னால் கமான் பட்டை மட்டும் இன்னும் விறைப்பு. ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் பாடியும் கூடவே சாயும், எதிர்ப்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பும். பட்டையைக் குறைத்தால் மடங்கிக் கொடுக்கும் என்பது யாருக்கும் தோன்றும். நான்கில் இரண்டைக் கழற்றினேன். அருமையாக மடங்கியது. கல் குவியலில் செங்குத்தான ஓர் இடத்தில் முழு இழுவை கொடுத்தேன், "டக்" என்று, சுற்றைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட் கழன்று தொங்கியது. மாட்டினேன், மறுபடி கழன்றது. மூன்று முறை. போனில் ஸ்லோ மோஷனில் எடுத்துப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது: மோட்டார் இழுக்கும்போது சக்கரம் சுற்றாமல் ஹவுசிங் சுற்றப் பார்க்கிறது, மெலிந்த பட்டை ஒரு எஸ் மாதிரி நெளிகிறது, ஷாஃப்ட் மாட்டும் மூக்கு மேலே நிமிர்கிறது, அவ்வளவுதான்.

வீடியோவைப் பட்டறைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். மச்சான் சிரித்தார். லோடு வண்டி மேட்டில் நின்று ஃபர்ஸ்ட் கியரில் எடுக்கும்போது பட்டை தளர்ந்திருந்தால் ஹவுசிங் இப்படித்தான் முறுக்குமாம். பெரிய பட்டை அறுக்கும் மெஷினுக்குப் பக்கத்தில், சரக்கு கட்டி வந்த இரும்பு பேக்கிங் பட்டை சுருண்டு கிடந்தது. அதில் ஒரு சாண் வெட்டி, தகரம் வெட்டும் கத்தரியால் ஓரத்தை ஒழுங்குபடுத்தி, கட்டை விரலால் லேசாக வளைவு கொடுத்து, பழைய பட்டையோடு வைத்துப் பார்த்துப் பார்த்து நான்கு துண்டு செய்தார். ஒவ்வொன்றும் அரைப் பட்டைதான்: ஆக்சிலிலிருந்து முன்பக்கம் மட்டும் போகும், பின்பக்கம் கிடையாது. "முறுக்கு முன்னாடிதான் தாங்கணும் மாப்ளே, பின்னாடி லூசா இருந்தா இருந்துட்டுப் போகுது. பக்கத்துக்கு ஒண்ணு போடு, பத்தலைன்னா ரெண்டு." பக்கத்துக்கு ஒன்றே போதுமாக இருந்தது. மடங்குவதும் குறையவில்லை, ஷாஃப்ட்டும் கழலவில்லை. லாரியில் முப்பது வருஷம் கையை வைத்தவருக்கு 30 சென்டிமீட்டர் வண்டியில் புதிதாக ஒன்றும் இல்லை போலிருக்கிறது. அளவு எடுக்க ஸ்கேல்கூட அவர் கேட்கவில்லை.

மிச்ச வேலைகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் புஷ்ஷை எடுத்துவிட்டு பேரிங் போட்டது, 4 மி.மீ உள்விட்டம், 8 மி.மீ வெளிவிட்டம், 3 மி.மீ தடிமன், எம்ஆர்84 என்று பெயர். உள்ளூர் பேரிங் கடையில் கேட்டபோது கடைக்காரர் "இது பேரிங்கா, மோதிரக் கல்லா?" என்றார். ஆன்லைனில் 380 ரூபாய்க்கு ஒரு பாக்கெட். ஓட்டத்தில் பெரிய வித்தியாசம் சொல்ல முடியாது, ஆனால் சக்கரம் ஆடுவது நின்றது. சக்கரம் திரும்பும் கோணத்தைக் கூட்ட முன் ஆக்சில் முனையில் தடுக்கிற ஒரு பிளாஸ்டிக் துருத்தலை அரத்தால் ராவினேன், டிஃபரன்ஷியலை லாக் செய்ததில் வளையும் வட்டம் 90 செ.மீட்டரிலிருந்து 130-க்குப் போயிருந்தது, ராவிய பிறகு 110-க்கு வந்திருக்கிறது. ரொம்ப ராவினால் ஆக்சில் ஜாயிண்ட் கட்டிக்கொள்ளும், கொஞ்சம் ராவி, சுற்றிப் பார்த்து, மறுபடி கொஞ்சம். ரிசீவர் போர்டுக்கு அக்காவின் நெயில் பாலிஷ் இரண்டு கோட், ஈரத்துக்காக. கேட்காமல் எடுத்தது.

பெயின்ட் 220 ரூபாய். பச்சை பாடி, மஞ்சள் விளிம்பு, பின் பலகையில் அக்கா பையன் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய "ஒலி எழுப்பவும்". முன்னால் நூலில் கோத்த ஒரு வரமிளகாய், எலுமிச்சைக்குப் பதில் பச்சை மணி. இரண்டும் சேர்ந்து 2 கிராம், முன் எடைக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

ஊருக்கு வெளியே ஒரு கரடு இருக்கிறது. மலைக்கோட்டைப் பாறைப் பக்கம் இந்த விளையாட்டெல்லாம் கூடாது, அது பாதுகாக்கப்பட்ட இடம். கரட்டில் ஆடு மேய்க்கிறவர்களைத் தவிர யாரும் கேட்க மாட்டார்கள். போன ஞாயிறு காலை ஆறரைக்கே போய்விட்டோம், வெயில் ஏறினால் பாறை கொதிக்கும், டயர் மட்டுமில்லை மோட்டாரும் தாங்காது. வண்டியை ஒரு குறுக்குச் சரிவில் விட்டேன். முன் வலது சக்கரம் ஒரு விளிம்பைத் தொட்டது, டயர் அமுங்கி, கீறிய கட்டை விரிந்து, ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை, அப்புறம் மெல்ல மூக்கு மேலே வந்தது. பின் இடது பக்கம் கமான் பட்டை நெளிந்து இறங்கி, சக்கரம் பள்ளத்தின் அடியைப் பிடித்தது. நான்கும் பாறையில். மோட்டார் முனகுவது மட்டும் கேட்டது. காலி மனையில் இருபது முறை மல்லாந்த அதே வண்டி, முழங்கால் உயரப் பாறை மேல் ஏறி நின்றது. ஆடு ஒன்று வந்து மிளகாயை முகர்ந்து பார்த்தது.

மச்சான் "கொடு ஒரு தடவை" என்று ரிமோட்டை வாங்கினார். அதற்கப்புறம் முக்கால் மணி நேரம் ரிமோட் எங்கள் கைக்கு வரவில்லை, பஸ்ஸர் கத்துகிறவரை. பையன் "அப்பா, என் டர்ன்" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்து, ஆட்டோடு போய் உட்கார்ந்துவிட்டான்.

கணக்கு: வண்டி 2,300, அதன் மேல் செலவு 3,230, அதில் 180 அந்த மழுங்கிய சர்வோ. இப்போது முன் டிரைவ் ஷாஃப்ட் ஜிலேபி மாதிரி முறுக்கிக்கொண்டிருக்கிறது, அது இன்னும் பிளாஸ்டிக்தான், பின்னால் போட்ட இழுவையெல்லாம் அதன் தலையில் வந்து விடிந்திருக்கிறது. லேத் பட்டறையில் இரும்பில் கடைந்து தர 400 கேட்கிறார்கள். மச்சான் ஏதோ பழைய குடைக் கம்பியைப் பார்த்து வைத்திருக்கிறாராம், வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.